ஆதரவுச் சிகிச்சை – கேரளம்

குணமாக்க வழியில்லாத நோயாளியின் வலி, மூச்சுத்திணறல், படுக்கைப்புண், மனக்கலக்கம் ஆகியவற்றைத் தணித்து, அவரையும் வீட்டாரையும் கடைசிவரை தாங்கும் மருத்துவம். கேரளத்தில் சாதாரண மக்களும் இதைப் 'பாலியேட்டிவ்' என்றே சொல்கிறார்கள்.

இதன் நவீன வடிவம் லண்டனில் பிறந்தது. செவிலியாக இருந்து 1957இல் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், வலி வந்தபின் ஊசி போடும் வழக்கத்தை விட்டு, வலி தலைகாட்டும் முன்பே வேளை தவறாமல் மார்ஃபினை வாய்வழியே கொடுத்தார். நோயாளிகள் மயங்கிக் கிடக்கவில்லை, உட்கார்ந்து பேசினார்கள். 1967இல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் உலகுக்கு முன்மாதிரியானது. 'ஹாஸ்பிஸ்' எனப்படும் இத்தகைய இல்லங்களில் இந்தியாவின் முதலாவது 1986இல் மும்பையில் திறக்கப்பட்டது.

அதற்கு ஓராண்டு முன்னர்தான் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்திருந்தது. அதன்பின் மார்ஃபின் வாங்க ஒரு மருத்துவமனைக்குப் பல உரிமங்கள் வேண்டியிருந்தன. அவை அனைத்தும் ஒரே நேரத்தில் செல்லுபடியாக வேண்டியிருந்தது. கணக்கில் பிசகினால் சிறை என்ற அச்சத்தில் பலரும் அம்மருந்தையே கைவிட்டார்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு மார்ஃபினின் மூலப்பொருளான அபின் விளைந்து, ஏற்றுமதியும் ஆன நாட்டில், புற்றுநோயாளிகள் மார்ஃபின் கிடைக்காமல் துடித்தார்கள். இந்தக் கொடுமையை இயற்கையின் மேல் சுமத்த முடியாது.

1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு சேர்ந்து வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். விரைவிலேயே ஓர் உண்மை புலப்பட்டது: எழுந்து நடக்க முடிந்தவர்தான் மருத்துவமனைக்கு வருகிறார், மிக மோசமான நிலையில் இருப்பவரோ வீட்டுக் கட்டிலிலேயே கிடக்கிறார். எனவே சிகிச்சை வீடு தேடிப் போனது. மலப்புரம் பகுதியில் தொடங்கிய அண்டை அயலார் வலையமைப்பில், பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களே நோயாளிகளைக் கண்டறிந்தார்கள். செவிலியர் புண்ணைத் துடைத்துக் கட்டி, சிறுநீர்க் குழாயை மாற்றினார். தன்னார்வலர்கள் அரிசி கொண்டுவந்தார்கள். பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். பணம் பெரும்பாலும் உள்ளூரிலேயே, சிறு சிறு தொகையாகச் சேர்ந்தது. சம்பாதிப்பவர் படுத்துவிட்ட வீட்டில் அரிசியும் மருந்துதான் என்று புரிந்துகொண்டதே இவ்வியக்கத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு.

2008இல் கேரள அரசு ஆதரவுச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, பொறுப்பை உள்ளாட்சிகளோடு இணைத்தது. 2010இல் 40 நாடுகளின் இறுதிக்காலச் சிகிச்சையை ஒப்பிட்டு வெளியான மரணத் தர அட்டவணையில் இந்தியா கடைசி இடத்தில் நின்றது. அதே அறிக்கை கேரளத்தைத் தனித்துப் பாராட்டியது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை தருவது இடம்பெற்றுள்ளது.

ராஜகோபாலும் அவர் 2003இல் திருவனந்தபுரத்தில் நிறுவிய பாலியம் இந்தியா அமைப்பும் பல்லாண்டு போராடியதில், 2014இல் நாடாளுமன்றம் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது. பல உரிமங்களுக்குப் பதிலாக ஒன்றே போதும் என்றானது. ஆனால் 1985க்குப் பிறகு படித்து வந்த மருத்துவர்கள் பலர் மார்ஃபின் மாத்திரையை எழுதிக் கொடுக்கவே பழகியிருக்கவில்லை. அளவைக் கூட்டுவதும், கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து தருவதும் அவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டியிருந்தன.