கல்வெட்டில்லாதோர் வரலாறு: அடுத்து வாசிக்கவேண்டிய வரலாற்று நாவல் எது?

பதுளை நகருக்குச் செல்லும் வரலாற்று மாணவன் தவறாது காணவேண்டிய கற்கள் இரண்டுள்ளன. ஒன்று, கி.பி. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தூண் கல்வெட்டு. மகியங்கனைக்கு அண்மையிலே கண்டெடுக்கப்பட்டுப் பதுளைக்குக் கொண்டுவரப்பட்ட இக்கல், சந்தையொன்றிலே அதிகாரிகள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும், எவற்றைச் செய்யலாகாது என்பவற்றை விதிக்கின்றது. மற்றையது, புனித மாற்கு தேவாலயத்திலுள்ள நினைவுக்கல். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்தது அத்தேவாலயம். ஆக, ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சந்தை வணிகனுக்கும் ஒரு கல்லுண்டு. யானை வேட்டைக்குப் பேர்போன வெள்ளை அதிகாரிக்கும் ஒரு கல்லுண்டு. அவ்வதிகாரி வாழ்ந்த காலத்திலேயே கோப்பிச் செடி நடுவதற்கென மலையேறி வந்து, காட்டிலும் வழியிலும் மடிந்த தமிழ்த் தொழிலாளிக்கு யாதொரு கல்லும் இல்லை.

இவ்வின்மையிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகின்றது. “பொன்னியின் செல்வனை வாசித்து முடித்துவிட்டேன்; அதுபோன்ற சிறந்த வரலாற்று நாவல் வேறு எது?” எனத் தமிழ் கற்கும் மாணவர் வினவுவதுண்டு. இவ்வினாவுக்குப் பெயர்ப்பட்டியலொன்றை விடையாகக் கொடுப்பது எளிது. ஆயின் “அதுபோன்ற” என்ற சொல்லே ஆராயத்தக்கது. அரண்மனையும் போர்க்களமும் உள்ள இன்னொரு கதையையா அம்மாணவன் நாடுகின்றான், அன்றேல் கடந்த காலத்தை உயிருடன் காணும் அனுபவத்தையா? பின்னையதே எனின், அவன் அடுத்துச் செல்லவேண்டிய இடம் தஞ்சாவூர் அன்று. ஊவா மலைநாடு என்பதே எமது கருத்தாகும்.

தமிழில் வரலாற்று நாவலைத் தொடக்கி வைத்தவர் ஈழத்தவரே. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட ‘மோகனாங்கி’ தமிழின் முதலாவது வரலாற்று நாவலெனக் கொள்ளப்படுகின்றது. நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட அந்நாவல் காட்டிய அரசவை வழியிலேயே பிற்காலத்து வரலாற்று நாவல்களுட் பெரும்பாலானவை நடந்தன. கல்கி அவ்வழியை அரச வீதியாக்கினார். அவரது சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. எனினும் ஒரு காலப் பொருத்தம் மனங்கொளத்தக்கது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. அருள்மொழிவர்மன் ஈழநாட்டில் நிகழ்த்திய வீரச்செயல்களை வாசகர் வாரந்தோறும் எதிர்பார்த்திருந்த அக்காலத்திலேதான், ஈழத்தின் மலைநாட்டுத் தமிழர் தாம் இந்நாட்டில் வாழ்ந்தவர் என்பதை எழுத்தில் நிறுவும்படி பணிக்கப்பட்டிருந்தனர்.

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1949இன் இந்திய, பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டம், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமைக்குச் சான்று கேட்டது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பதியப்பட்டோர் ஏறத்தாழ 134,000 பேரே. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுட் பெரும்பாலோர், அடுத்த தேர்தலில் வாக்குச்சீட்டைக் காணவில்லை.

எவரும் எழுதி வைக்காத மக்களிடம் எழுத்துச் சான்று கேட்டமையே இச்சட்டத்தின் கொடுமை. தொழிலாளியைப் பற்றிய எழுத்துகள் இருக்கவே செய்தன. ஆயின் அவை யாவும் பிறர் கையில் இருந்தன. கடல்கடந்து வருகையிற் கழுத்திலோ கையிலோ கட்டப்பட்ட எண்பொறித்த தகரத் துண்டு. கங்காணியின் கடனைக் குறித்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அவனைக் கைமாற்றிய ‘துண்டு’. பெரட்டுக்களத்திற் பேர் பதியும் செக்ரோல். வேலைநீக்கத்தின்போது கையிற் கொடுக்கப்படும் பத்துச்சீட்டு. இவற்றினின்று கூலிக் கணக்கைத் திரட்டலாம். கடன் தொகையைத் திரட்டலாம். ஒரு வாழ்க்கையைத் திரட்ட இயலாது. அந்த வாழ்க்கையைக் கற்பனையின் துணையோடு மீட்டெடுக்கும் பொறுப்பே மலையக நாவலுக்கு வாய்த்தது.

இந்நாவல்களை எவ்வொழுங்கில் வாசிப்பது? ஒரு நாவல் எழுப்பி விடையிறுக்காது விடும் வினாவே அடுத்த நாவலைத் தேர்ந்து தரும் என்பது எமது துணிபு. இம்முறையிற் சென்றால் வாசிப்பு ஒரு பாதையாகும்.

முதல் வினா, இம்மக்கள் எவ்வாறு வந்தனர் என்பது. மாத்தளை சோமுவின் ‘கண்டிச்சீமை’, மு. சிவலிங்கத்தின் ‘பஞ்சம் பிழைக்க வந்த சீமை’ ஆகியன இவ்வினாவை நேர்நின்று எதிர்கொள்கின்றன. மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்த கோப்பிக் கால நடையில் இறந்தோர் தொகை பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொகை எதுவாயினும், ஒரு தாய் வழியில் விட்டுச்சென்ற பிள்ளையைப் பற்றிப் புள்ளிவிபரம் பேசாது, நாவல் பேசும். இவற்றுடன், கிறிஸ்டீன் வில்சன் ஆங்கிலத்தில் எழுதி, இரா. சடகோபன் தமிழாக்கிய ‘கசந்த கோப்பி’யையும் ஒப்பிட்டு வாசிக்கலாம். துரையின் பங்களாவிலிருந்து பார்க்கும்போது அதே மலை வேறொரு மலையாகத் தோன்றுவதை அப்போது உணரலாம்.

கோப்பி நிலைக்கவில்லை. 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்தது; தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். புகைவண்டி 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. கோப்பிக்குப் பருவகால உழைப்பே பெரிதும் வேண்டியிருந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். எனவே வந்தோர் திரும்பவில்லை. லயத்திற் குடும்பமாக நிலைத்தனர். பெண்ணின் உழைப்பே தோட்டத்தின் மூலாதாரமாயிற்று.

அப்பெண்ணின் வாழ்வு யாது என்பது இரண்டாவது வினா. 1935இற் புதுமைப்பித்தன் எழுதிய ‘துன்பக்கேணி’ மருதி என்னும் பெண்ணைப் பின்தொடர்ந்து இலங்கைத் தோட்டத்துள் நுழைந்தது. அது நெடுங்கதையே, எனினும் பின்வந்த நாவல்களுக்கு வாயில் திறந்தது. 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, அவ்வாயிலினூடே நெடுந்தூரம் சென்றது. தலைப்பிலேயே ஒரு வரலாறு அடங்கியுள்ளது. அக்கரையிலிருந்து பார்த்தவருக்குப் பச்சையாகத் தெரிந்த மலை, அடைந்த பின் எவ்வாறிருந்தது என்பதே அந்நாவல்.

மூன்றாவது வினா, இம்மக்கள் துன்பத்தை ஏற்று அடங்கியே இருந்தனரா என்பது. நாடாளுமன்ற உறுப்பினராகவும் தொழிற்சங்கவாதியாகவும் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ (1981) இதற்கு விடை கூறுகின்றது. தோட்டத்திலே வேலை போனால் வீடும் போகும். ஆதலாற் சங்கம் அமைத்தல் குடியிருப்பையே பணயம் வைக்கும் செயலாகும். இவ்வுண்மையை அந்நாவலின் தலைப்பே உணர்த்தும். ஊவாவின் சொந்த வரலாற்றிலும் இதற்கு ஈடான நிகழ்ச்சியுண்டு. 1940இல் பதுளைப் பகுதியிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்திலே நிகழ்ந்த வேலைநிறுத்தத்தில், தொழிலாளர் தாமே தெரிந்த குழுவைத் தோட்ட நிருவாகம் ஏற்கவேண்டிய நிலை தோன்றிற்று. வேவெஸ்ஸவை நடுப்பொருளாகக் கொண்ட ஒரு பெருநாவல் தோன்றுமாயின், வரலாற்று நாவலுக்கு வேண்டிய மோதலும் திருப்பமும் அதிலே இயல்பாக அமையும்.

இவ்விடத்திலே பதுளை மண்ணின் படைப்பாளியை எதிர்கொள்கின்றோம். 1934இல் பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றிற் பிறந்து, தான் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னர் சூடிக்கொண்டு, 2022இல் மறைந்தவர் தெளிவத்தை ஜோசப். அவரது ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்தது. அது வெளியானபோது எவரும் அதனை வரலாற்று நாவலென அழைத்திருக்க மாட்டார். சமகால நாவலாகவே அது வாசிக்கப்பட்டது. ஆயின் மேனாட்டு வரலாற்று நாவலின் தந்தை எனப்படும் வோல்ற்றர் ஸ்கொற், 1814இல் தமது ‘வேவர்லி’ நாவலுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தையே களமாகத் தேர்ந்தார். 1974இன் தோட்டமும் இன்று ஏறத்தாழ அத்துணைத் தொலைவுக்குச் சென்றுவிட்டது. 1973, 1974இல் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1975இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அம்மாற்றத்தின் விளிம்பில் நின்று எழுதப்பட்ட நாவல், இன்றைய வாசகனுக்கு வரலாற்று நாவலாகவே பயன் தருகின்றது. அவ்வாறாயின், காலத்தாற் பிந்தி எழுதப்படுவது மாத்திரமன்றி, ஒரு காலத்தின் அழுத்தத்தைத் தனிமனித வாழ்விலே உணர்த்துவதும் வரலாற்று நாவலே என இலக்கணத்தை விரித்தல் வேண்டும்.

இப்பாதையிற் செல்வோர் கைக்கொள்ளவேண்டிய எச்சரிக்கைகளும் உள. நாவல் சான்றாவணமன்று. மலையக நாவல்களுட் சிலவற்றிலே துரை முழுக் கொடியவனாகவும், கங்காணி முழு வஞ்சகனாகவும், தொழிலாளி குறையற்றவனாகவும் வார்க்கப்பட்டுள்ளனர். கங்காணி கடன் கொடுத்துச் சுரண்டியவன். அதேவேளை ஊரையும் உறவையும் ஒன்றாகத் திரட்டி வந்தவனும் அவனே. இம்முரணைக் காட்டாத நாவல் உணர்ச்சியூட்டலாம், வரலாற்றறிவு ஊட்டாது. ஆகவே நாவலருகிற் சாரல்நாடனின் மலையக வரலாற்று நூல்களையும், கோப்பிக் காலம் பற்றி டொனோவன் மோல்ட்றிச் ஆங்கிலத்தில் எழுதிய நூலையும் வைத்து வாசித்தல் நன்று.

இன்னொரு குறையும் சுட்டத்தக்கது. தோட்டத்தின் எல்லையோடு கதையும் நின்றுவிடுகின்றது. எல்லைக்கப்பால் வாழ்ந்த சிங்களக் குடியானவனும் இவ்வரலாற்றின் பங்காளியே. 1818இல் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் ஒடுக்கியபோது ஊர்களும் விளைநிலங்களும் அழிக்கப்பட்டன. பின்னர் வந்த காணிச் சட்டங்கள் மலைக்காட்டை முடிக்குரியதாக்கித் தோட்டத்துரைக்கு விற்க வழிவகுத்தன. ஒருவனிடமிருந்து நிலம் பறிக்கப்பட்டது. மற்றவன் அந்நிலத்திலே கடனாளியாக நிறுத்தப்பட்டான். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ (1944) தென்னிலங்கைக் கிராமத்தின் சிதைவைக் காட்டுவது போல, ஊவாவின் இவ்விரு துயரங்களையும் ஒருசேரக் காட்டும் நாவல் இரு மொழியாருக்கும் வேண்டப்படுகின்றது.

மலையகத்தைக் கற்ற வாசகன் அதன்பின் கடல்கடந்தும் செல்லலாம். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிப் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’. சயாம், பர்மா இருப்புப்பாதையில் மாண்ட மலாயாத் தமிழரைப் பற்றிய ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’. போர்க்காலத் தென்கிழக்காசியாவைக் காட்டும் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ ஆகியன அடுத்துக் கொள்ளத்தக்கன. கங்காணியும் கப்பலும் எங்கெல்லாம் சென்றனவோ அங்கெல்லாம் தமிழ் நாவலும் தாமதமாகவேனும் சென்று சேர்ந்துள்ளது.

ஈற்றில் ஒன்று கூறுதல் வேண்டும். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர். மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட வண்டிக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ எனப் பெயரிட்டனர். மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதியொன்றும் அப்பெயரைத் தாங்கியது. அவ்வண்டியில் ஏறியோரும், மேடையில் நின்று கையசைத்தோரும் இன்று முதியோர், பலர் மறைந்தனர். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மனிதரோடு அவர்தம் நினைவுகளும் மண்ணுட் போயின.

அடுத்து வாசிக்கவேண்டிய நாவல் எது என்னும் வினா, ஊவாவைப் பொறுத்தவரை அடுத்து எழுதப்படவேண்டிய நாவல் எது என்னும் வினாவோடு பிணைந்ததாகும். அந்நாவலை எழுதும் ஆற்றல் எல்லோர்க்கும் வாய்க்காது. ஆயின் தன் பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தாள், எந்தக் கங்காணியின் பேரிற் பதியப்பட்டாள், எந்த ஆண்டில் எவரை வழியனுப்பினாள் என்பவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் மலையகத்து மாணவர் எவர்க்கும் இயலும். மூன்றாவது கல் இல்லாத பதுளையில், நாளைய நாவலாசிரியனுக்குக் கிடைக்கும் கல்வெட்டு அக்கொப்பியாகவே இருக்கும்.