வாசலில் வண்டி வந்தும் கேமரா அலர்ட் தரவில்லையா? காரணம் என்ன, சரிசெய்வது எப்படி?

காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் நிறுத்திய பைக்கைக் காணோம். போனை எடுத்தால், இரவு முழுக்க கேமராவிடமிருந்து ஒரு அலர்ட்கூட வரவில்லை. இல்லையென்றால் நேர்மாறாக, நாய், பூனை, மரக்கிளை என்று அலர்ட் கொட்டித் தீர்த்ததில், கடுப்பாகி நீங்களே நோட்டிஃபிகேஷனை மியூட் செய்திருப்பீர்கள். இரண்டிலும் முடிவு ஒன்றுதான்: தேவைப்பட்ட நேரத்தில் கேமரா உதவவில்லை.

இதற்காக உடனே புது கேமரா வாங்க வேண்டாம். 'வந்தது வண்டிதான்' என்று கேமரா எப்படி முடிவு செய்கிறது என்பது தெரிந்தால், பல கோளாறுகளை நீங்களே சரிசெய்துவிடலாம்.

கேமரா வண்டியைக் கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டு கேமராக்களில் பொதுவாக மூன்று முறைகள் உள்ளன.

முதலாவது, பிக்சல் மாற்றம். முந்தைய காட்சிக்கும் இப்போதைய காட்சிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் இது பார்க்கும். நிழல், மழை, ஹெட்லைட் வெளிச்சம் எல்லாமே இதற்கு 'அசைவு'தான்.

இரண்டாவது, பிஐஆர் சென்சார். பேட்டரி கேமராக்களில் அதிகம் இருப்பது இதுதான். வெப்பத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்து இயங்கும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே கேமராவை வைத்தால் இது வேலை செய்யாது.

மூன்றாவது, ஏஐ. படத்தில் இருப்பது மனிதரா, வாகனமா, விலங்கா என்று பிரித்துச் சொல்லும். ஆனால் பல கேமராக்களில் முதலில் அசைவு பதிவானால்தான் ஏஐ விழித்துக்கொள்ளும். அசைவே பதிவாகவில்லை என்றால் ஏஐ இருந்தும் பயனில்லை.

ஆட்டோவைக் கண்டு குழம்புவது ஏன்?

ஏஐ எந்தப் படங்களைப் பார்த்துப் பழகியதோ, அவற்றைத்தான் நன்றாக அடையாளம் காணும். உலகம் முழுக்கப் பயன்படும் 'கோகோ' என்ற படத்தொகுப்பில் 80 வகைப் பொருட்கள் உள்ளன. சைக்கிள், கார், பைக், பஸ், லாரி எல்லாம் உண்டு. ஆட்டோ ரிக்‌ஷா கிடையாது! இந்தியச் சாலைகளுக்காக ஐஐஐடி ஹைதராபாத் பங்களிப்புடன் உருவான படத்தொகுப்பில் ஆட்டோ தனி வகையாகவே இருக்கிறது. உங்கள் கேமரா எதில் பழகியது என்பதை நீங்கள் மாற்ற முடியாது. ஃபர்ம்வேர் அப்டேட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கண்டறியும் திறன் மேம்படுவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான்.

முதலில் செட்டிங்ஸைப் பாருங்கள்

வாகன அலர்ட் 'ஆன்' ஆகியிருக்கிறதா? சில மாடல்களில் அதற்குத் தனிச் சந்தா தேவை. இலவச டிரையல் முடிந்ததும் அது சத்தமில்லாமல் நின்றுவிடும்.

அடுத்து, கண்காணிப்புப் பகுதி. முழு காட்சியையும் தேர்வு செய்தால் தெருவில் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் போன் அலறும். கேட், வண்டி நிறுத்தும் இடம் இரண்டை மட்டும் வரையுங்கள். ஆனால் வண்டியின் அளவுக்கே இறுக்கமாக வரையாமல், அது உள்ளே நுழையும் பாதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சென்சிட்டிவிட்டியை நடுவில் வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு படியாக மாற்றுங்கள்.

கேமராவின் கோணம் சரியா?

வண்டி கேமராவை நோக்கி நேராக வந்தால், பிஐஆர் சென்சார் அதைத் தாமதமாகவே உணரும். குறுக்காகக் கடந்தால் சட்டென்று பிடிக்கும். அதனால் கேமராவைச் சற்றுச் சாய்கோணத்தில் திருப்புங்கள். அதிக உயரமும் சிக்கல்தான். மாடியிலிருந்து செங்குத்தாகப் பார்த்தால் வண்டியின் மேற்பகுதி மட்டுமே தெரியும், ஏஐ திணறும். சுமார் 2.5 முதல் 3 மீட்டர் உயரம் பல வீடுகளுக்குப் பொருந்தும்.

4கே கேமரா என்பதால் தூரத்து வண்டியும் சிக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் படத்தைச் சிறிதாக்கிய பிறகே ஏஐ அதை ஆராய்கிறது. தூரத்தில் உள்ள பைக் அதில் ஒரு புள்ளி மாதிரிதான் இருக்கும்.

இரவில் மட்டும் தவறுகிறதா?

இருட்டில் கேமரா ஷட்டரை மெதுவாக இயக்கும். 36 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 10 மீட்டர் நகரும். ஷட்டர் நொடியில் 25-ல் ஒரு பங்கு திறந்திருந்தால், அதற்குள் வண்டி 40 செ.மீ. நகர்ந்துவிடும். படம் கலங்கிப்போகும்.

தீர்வு எளிது: வாசலில் ஒரு எல்இடி விளக்கு. ஹெட்லைட் கூசினால், டபிள்யூடிஆர் அல்லது எச்எல்சி வசதி இருக்கிறதா என்று பார்த்து ஆன் செய்யுங்கள். லென்ஸைத் துடையுங்கள். அதன் மேல் சிலந்தி கட்டும் வலை, அகச்சிவப்பு ஒளியில் பெரிய வெள்ளைத் திரையாகத் தெரியும்.

வண்டி போன பிறகு அலர்ட் வருகிறதா?

பேட்டரி கேமரா விழித்தெழவே சில நொடிகள் ஆகலாம். ஒரு அலர்ட்டுக்குப் பிறகு விடும் இடைவெளியையும் செட்டிங்ஸில் குறையுங்கள். வைஃபை பலவீனமாக இருந்தால் ரவுட்டரை அருகே நகர்த்துங்கள். போனில் கேமரா செயலிக்கு பேட்டரி சேமிப்புக் கட்டுப்பாடு இருந்தால் நீக்கிவிடுங்கள்.

மாற்றிய பின் சோதித்துப் பாருங்கள்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பிறகு உங்கள் வண்டியையே பகலில் 5 முறை, இரவில் 5 முறை கேட்டுக்குள் ஓட்டிப் பாருங்கள். எத்தனை முறை அலர்ட் வந்தது என்று குறித்துக்கொண்டால், எந்த மாற்றம் பலன் தந்தது என்பது புரியும்.

அலர்ட்டை மட்டும் நம்பலாமா?

கூடாது. பைக்கைத் திருட வருபவர் ஸ்டார்ட் செய்யாமல், விளக்கைப் போடாமல் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகலாம். ஏற்கெனவே நின்றிருக்கும் வண்டியைப் பல கேமராக்கள் கணக்கில் எடுப்பதில்லை. எனவே வண்டி நிறுத்தும் இடத்துக்கு இரவில் மனித அலர்ட்டையும் சேர்த்து ஆன் செய்யுங்கள்.

மெமரி கார்டில் 24 மணி நேரத் தொடர் பதிவையும் வையுங்கள். அப்போது அலர்ட் தவறினாலும் காட்சி கையில் இருக்கும். கார்டு நிரம்பியதும் பழைய பதிவு அழியும் என்பதால், சம்பவம் நடந்தால் அன்றே காட்சியைத் தனியாக எடுத்து வையுங்கள். கேமராவின் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். போலீஸ் புகாரில் முதலில் கேள்வி எழுவது அங்கேதான்.