குருமேயின் நீலக் கைக்குட்டை

ஜப்பானின் தென்பகுதியிலுள்ள கியூஷு தீவில், சிக்குகோ நதி பாயும் சமவெளியில் அமைந்த குருமே நகரம், நீலமும் வெண்மையும் கலந்த ‘கசூரி’ என்னும் பருத்தித் துணிக்குப் பெயர் பெற்றது. இன்று கைக்குட்டையாகவும் விற்பனையாகும் இத்துணியின் சரித்திரம் அரசவையிலோ ஆலயத்திலோ தொடங்கவில்லை. அரிசி வணிகர் ஒருவரின் வீட்டில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் கூரிய பார்வையில் தொடங்குகிறது.

1800-ஆம் ஆண்டையொட்டிய காலம் அது. இனோயே டென் என்ற அச்சிறுமி, பழைய ஆடையொன்றில் நீலம் வெளுத்து ஆங்காங்கே வெண்புள்ளிகள் விழுந்திருக்கக் கண்டு, கந்தல் என்று அதை ஒதுக்கிவிடாமல், இழை இழையாகப் பிரித்து, வெளுத்த இடங்கள் நூலில் எவ்வாறு அமைந்திருக்கின்றன என்று ஆராய்ந்தாளாம். பிறகு வெண்ணூலை அதே இடைவெளிகளில் இறுகக் கட்டி, அவுரிச் சாயத்தில் தோய்த்து, கட்டவிழ்த்து நெய்தபோது, நீலப் பரப்பெங்கும் ஆலங்கட்டி சிதறினாற்போல் வெண்புள்ளிகள் மலர்ந்தன. இளமையிலேயே கணவரை இழந்து குழந்தைகளைத் தனியே வளர்த்த அந்த அம்மையார், தாம் கண்ட வித்தையைத் தமக்குள் ஒளித்துவைக்காமல், நூற்றுக்கணக்கான பெண்களுக்குக் கற்பித்துவிட்டு 1869-இல் காலமானார். துணியில் சித்திரங்களை நெய்ய அவர் முயன்றபோது, அதே ஊரில் பிறந்து, பிற்காலத்தில் தோஷிபா நிறுவனத்தின் மூலபுருஷராக விளங்கிய தனாகா ஹிசாஷிகே, தம் பாலப் பருவத்திலேயே அவருக்கு உதவினார் என்பர்.

இக்கலையின் சூட்சுமம் யாதெனில், துணி பிறப்பதற்கு முன்பே அதன் சித்திரம் நூலில் குடிகொண்டுவிடுகிறது என்பதே. வரைபடத்தைக் கணக்கிட்டுப் பாவிலும் ஊடையிலும் கட்டுகள் இடுவார்கள். புளித்து நுரைத்த அவுரித் தொட்டியில் நூலை முக்கிப் பிழிந்து, காற்றுப் படும்படி தரையில் அடித்து, மீண்டும் முக்குவார்கள். நீலம் ஆழமாக ஏறும்வரை இவ்வேலை ஓயாது. நெய்யும்போது பாவின் வெண்மையும் ஊடையின் வெண்மையும் சந்திக்க வேண்டிய இடத்தில் சந்தித்தாக வேண்டும். அவ்வாறு சந்தித்த பின்னும் உருவத்தின் விளிம்பில் எஞ்சிநிற்கும் மெல்லிய கலைவே கசூரியின் லட்சணம்.

1877-இல் கியூஷுவில் அரசாங்கத்திற்கு எதிராக நிகழ்ந்த சட்சுமா கிளர்ச்சியை அடக்க வந்த போர்வீரர்கள் ஊர் திரும்பியபோது இத்துணியை வாங்கிச் சென்றதால், அதன் கீர்த்தி தேசமெங்கும் பரவியது. அவசரத் தேவையை நிறைவு செய்ய மட்டமான சாயத்தில் தோய்த்த சரக்கு புகுந்து நம்பிக்கையைக் குலைக்க, வணிகர்கள் சங்கம் கூடித் தரத்தை மீட்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் மேனாட்டு உடை மேலோங்கியதால் தேவை சுருங்கியது. 1957-இல் அரசாங்கம், கையால் கட்டிய நூல், இயற்கை அவுரி, கையால் நாடா எறியும் தறி ஆகிய நியமங்களுடன் இக்கலையை முக்கியமான கலாசாரச் செல்வமாக அங்கீகரித்தது.

கிமோனோவுக்கென நெய்த அத்துணியின் அகலம் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர். இருபுறக் கரையையும் வெட்டாமலே அதிலிருந்து ஒரு கைக்குட்டை எடுத்துவிடலாம். இன்று விசைத்தறியில் நெய்வதும் பெருவழக்காயினும், நூலைக் கட்டிச் சாயம் தோய்க்கும் மூலதர்மம் மாறவில்லை. உழவர்களின் உழைப்புடையாக வாழ்ந்த துணி கைக்குட்டையாகச் சிறுத்ததைத் தாழ்வென்று கருத வேண்டியதில்லை. அன்றாடம் மனிதர் கையில் புழங்கும் பொருளாக இருப்பதே இத்துணியின் பிறவிக் குணம், அக்குணத்தை அது இன்றும் இழந்துவிடவில்லை.