கடாரத்து மண்ணில் கால்வாயும் குழாயும்

கடாரம் என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழுவது 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் செலுத்திய கப்பற்படையே. பட்டினப்பாலை கூறும் காழகம் என்பது கடாரமே என நச்சினார்க்கினியர் உரை வகுத்ததை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டுவதும் வழக்கம். அப்பெருமை அங்ஙனமே இருக்க, அந்நாட்டின் மண் பொதுநலப் பணி ஒன்றுக்காக யார் கையிலிருந்து யார் கைக்கு மாறிற்று என்னும் வரலாறும் அறியத் தக்கதே. அதனை ஆராயப் புகுவார்க்கு ஜெராய் மலையடியில் உள்ள குருண் என்னும் சிற்றூர் நல்ல தொடக்கமாகும்.

கெடாவின் தலைமையமைச்சராயிருந்த வான் முகமது சமான், குருணுக்கும் அலோர் ஸ்டாருக்கும் இடையே கால்வாய் வெட்டும் பணியை 1885-ஐ ஒட்டித் தொடங்கினார். பத்தாண்டு உழைப்பில், ஏறத்தாழ 36 கிலோமீட்டர் நீளத்தில் அது முடிந்தது. வழி கோணாதிருக்க இரவில் தீப்பந்தங்களை வரிசையாக நட்டு நேர்கோடு பார்த்தனர் என்பர். சதுப்பாய்க் கிடந்த நிலம் நெல்வயலாயிற்று. கரையோர மண்ணுக்கு மதிப்பு ஏறிற்று. தன் நிலத்தில் ஒரு கீற்றைக் கால்வாய்க்கு இழந்த உழவனுக்கும் எஞ்சிய நிலத்தில் நீர் பாய்ந்தது. அவன் கொடுத்ததற்கு ஈடு அவன் கண்முன்னே ஓடிற்று எனலாம்.

நூறாண்டு கழித்து அதே குருணுக்கு மற்றொரு வழி வந்தது. இம்முறை அது மண்ணுக்கு அடியில் வந்தது. திரெங்கானுவின் கெர்த்தேயில் 1984-இல் தொடங்கிய தீபகற்ப எரிவாயுக் குழாய்த் திட்டத்தின் மூன்றாங் கட்டம், 1990-களின் பிற்பகுதியில் சிலாங்கூரிலிருந்து வடக்கே பேரா, கெடா மாநிலங்களைக் கடந்து பெர்லிஸ் வரை நீண்டது. 1999-இல் குருணில் உற்பத்தியைத் தொடங்கிய யூரியா உரத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் இந்த வாயுவே. பின்னர், தாய்லாந்தின் சானாவிலிருந்து எல்லையைத் தாண்டிச் சங்லூனில் இணையும் குழாய் வழியாக 2005 முதல் வாயு கெடாவுக்குள் வரலாயிற்று. இத்திட்டத்தை எதிர்த்த சானா மக்கள் 2002 டிசம்பரில் ஹாட்யாய் நகரில் காவலருடன் மோத நேர்ந்ததையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கால்வாய்க்கும் குழாய்க்கும் உள்ள பெரிய வேற்றுமை யாது? கால்வாய் தான் செல்லும் வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே செல்கிறது. குழாயோ வழியில் எவர்க்கும் ஒன்றும் கொடாமல், தொலைவில் உள்ள ஆலைக்கும் மின்நிலையத்துக்கும் செல்கிறது. நிலத்துக்குரியவன் காண்பவை எச்சரிக்கைக் கம்பங்களும் மரமில்லாத ஒரு நீண்ட வெட்டையுமே. அவன் வீட்டு அடுப்போ சிலிண்டரில் எரிகிறது!

அந்த வெட்டை எத்துணைப் பெரிது என ஒரு கணக்குப் பார்க்கலாம். 30 மீட்டர் அகலம் என்று கொண்டால், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 3 எக்டேர், அஃதாவது ஏறக்குறைய ஏழரை ஏக்கர் ஆகிறது. ஈராயிரம் ஏக்கர் உடைய தோட்டத்துக்கு இது பொருட்டன்று. சில நிரைகள் குறையும், அவ்வளவே. இரண்டு ஏக்கர் ரப்பரை நம்பியிருக்கும் சிறு உடைமையாளனுக்கோ, குறுக்கே நூறு மீட்டர் சென்றாலே முக்கால் ஏக்கர் போய்விடும். எஞ்சியதும் இரு துண்டாகும்.

சட்டம் இதனை எண்ணாமல் இல்லை. போதிய இழப்பீடின்றி எவருடைய உடைமையையும் கட்டாயமாக எடுத்தல் கூடாது என்பது மலேசிய அரசமைப்பின் 13-ஆம் பிரிவு. 1960-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், சந்தை விலையோடு, நிலம் துண்டுபடுவதால் வரும் இழப்பையும் கணக்கிற் சேர்க்கச் சொல்கிறது. நில நிருவாகி விசாரணை நடத்திய பின்னரே தொகையைத் தீர்மானிப்பார். ஒப்பாதவர் உயர்நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லலாம்.

இந்தியச் சட்டத்தின் போக்கு வேறு. 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழாய்க்காக நிலம் வாங்கப்படுவதில்லை. பயன்படுத்தும் உரிமை மட்டுமே எடுக்கப்படுகிறது. பட்டா உழவன் பெயரிலேயே இருக்கும். ஆனால், அவன் அங்கே வீடு கட்டலாகாது, கிணறு வெட்டலாகாது, மரம் நடலாகாது. அவ்வுரிமைக்கு அச்சட்டம் வகுத்த இழப்பீடு நிலத்தின் சந்தை விலையில் நூற்றுக்குப் பத்து. கொச்சியிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் குழாய், கோவை முதல் கிருட்டிணகிரி வரை ஏழு மாவட்டங்களில் 310 கிலோமீட்டர் ஓடவேண்டியிருந்தது. கொங்கு நாட்டில் தென்னையும் கிணறுமே உழவனின் உயிர். அவர்கள் எதிர்த்தெழுந்ததில் வியப்பில்லை. நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டுசெல்லுமாறு தமிழ்நாட்டரசு 2013-இல் கூறிற்று. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2016 பிப்ரவரியில் மாநில அரசுக்கு எதிராக முடிந்தது. பட்டாவை வைத்துக்கொண்டு மரம் நடமுடியாதவனை உரிமையாளன் என்பதினும், தொகையைக் கொடுத்து நிலத்தையே எடுத்துக்கொள்வது நேர்மையானது என்று தோன்றுகிறது.

குழாய்க்கும் வயதுண்டு. மாற்றவேண்டிய காலம் வரும்போது, பழையதில் வாயு ஓடிக்கொண்டிருக்கவே புதியதைப் பக்கத்தில் பதிப்பதுண்டு. அப்போது இயந்திரங்கள் நிற்கவும் மண்ணைக் குவிக்கவும் முன்னைய கீற்றுக்கு அப்பாலும் இடம் வேண்டும். ஒருமுறை கொடுத்தவனிடமே மறுமுறையும் கேட்க நேரும். 2025 ஏப்ரல் 1-ஆம் நாள் சிலாங்கூரின் புத்ரா ஹைட்ஸ் பகுதியில், மகா காளியம்மன் ஆலயத்தின் அருகே குழாய் வெடித்துப் பல வீடுகள் எரிந்தன. அதன் பின்னர், பழைய குழாயின் அண்மையில் வாழ்வோர் இவற்றையெல்லாம் உற்றுக் கவனிக்கலாயினர்.

தோட்டத் தமிழருக்கு இச்சட்டத்தில் ஒரு சொல் மிக முக்கியம். இழப்பீடு கோரத்தக்க ‘அக்கறையுடையோர்’ யார் என விளக்கும் இடத்தில், உடையவன் விரும்பும்வரை மட்டும் குடியிருப்பவனை 1960-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கிவிடுகிறது. மூன்று தலைமுறை ஒரே லயத்தில் வாழ்ந்து, முற்றத்தில் முருங்கை வைத்து, பக்கத்தில் மாரியம்மனுக்குக் கோயிலும் எழுப்பிய குடும்பம் அங்குக் குடியிருந்தது வேலையின் பொருட்டே. பத்திரத்தில் அதன் பெயர் இல்லை. நிலம் எடுக்கப்படும்போது தொகை தோட்ட முதலாளிக்குச் செல்லும். நிரை குறைந்ததால் வேலை குறைந்தவனுக்கு விசாரணையில் இடமில்லை. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்க முற்பட்டார். அச்சங்கம் 1961-இல் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம்.