கவறும் கைபேசியும்

அமராவதி நதிக்கரையில் உள்ள தாராபுரத்தை விராடபுரம் என்று அந்தப் பக்கத்து மக்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பாண்டவர்கள் ஓராண்டுக் காலம் மறைந்து வாழ்ந்த ஊர் அதுதானாம். அங்கிருந்து நதியை எதிர்த்துத் தென்மேற்கே போனால் மடத்துக்குளம் வட்டாரம் வரும். அங்கே கடத்தூரில் அர்ச்சுனேசுவரர் கோயில் இருக்கிறது. வரலாற்று ஆசிரியர் இதையெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டார். விராட நாடு வடக்கே ராஜஸ்தானத்தில் இருந்தது என்பார். அர்ச்சுனம் என்பது மருத மரத்துக்கும் பெயர் என்று நினைவூட்டுவார். அவர் சொல்வது சரிதான். ஆனாலும் அந்தக் கதை அமராவதிக் கரையில் வந்து தங்கியது தங்கியதுதான். தங்கியதற்கு இன்று ஒரு புதிய பொருத்தமும் ஏற்பட்டிருக்கிறது.

கதையில் ஒரு வேடிக்கை உண்டு. சூதாடி நாட்டை இழந்த தருமபுத்திரர், விராடனுடைய சபையில் என்ன வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்? கங்கன் என்று பெயர் வைத்துக்கொண்டு, அரசனுடன் சூதாடும் வேலைக்குத்தான்! எதனால் கெட்டாரோ அதையே தொழிலாக ஏற்க அவருக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது? வனவாசத்தில் பிருகதசுவர் என்ற முனிவர் நளனுடைய கதையைச் சொல்லி, கவறாடும் ரகசியத்தையும் அவருக்குக் கற்பித்திருந்தார். நளனும் அப்படித்தான். அந்த ரகசியத்தை இருதுபர்ணனிடம் கற்ற பிறகே இழந்த நாட்டைத் திரும்ப வென்றான்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்வோம். பழைய சூதில் எதிரே ஒரு மனிதன் இருந்தான். அவன் சகுனியாக இருந்தாலும் அவனுக்கு முகம் இருந்தது, களைப்பு இருந்தது. ஆட்டத்திலே கற்றுக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தது. ஆட ஓர் இடம் வேண்டும், ஒரு நேரம் வேண்டும். அந்த இடத்திலே, வேண்டாம் என்று எடுத்துச் சொல்ல ஒரு விதுரரும் இருந்தார். சூதாட்டத்தின் வரலாறு என்பது, இந்தத் தடைகள் ஒவ்வொன்றாக விலகிய வரலாறுதான்.

அக்காலத்து அரசுகள் முதலில் பிடித்துக்கொண்டது இடத்தை. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் சூதுக்கென்று ஓர் அதிகாரியை நியமிக்கிறது. சூதாடுவோர் அனைவரும் ஒரே இடத்தில் ஆடவேண்டும். வேறிடத்தில் ஆடினால் 12 பணம் அபராதம். வென்றவனிடமிருந்து நூற்றுக்கு ஐந்து அரசனுக்கு. திருட்டைக் கண்டுபிடிக்கவும் இது வசதி, கஜானாவுக்கும் வசதி! வள்ளுவர் கஜானாவைப் பற்றிக் கவலைப்படவில்லை. திருக்குறளின் 94-ஆம் அதிகாரத்தைச் சூதுக்கென்றே ஒதுக்கி, வெற்றி கிடைப்பதுகூட மீன் தூண்டிலை விழுங்குவது போன்றது என்று எச்சரித்தார். தோல்வியைக் கண்டு பயப்படச் சொன்னவர் பலர். வெற்றியைக் கண்டு பயப்படச் சொன்னவர் அவர்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் 1930-ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டம் வந்தது. அதுவும் இடத்தையே நம்பியது. பொதுச் சூதாட்ட விடுதி என்று ஒன்று இருக்கவேண்டும். அங்கே சீட்டோ, காயோ, கவறோ அகப்படவேண்டும். போலீசார் கதவைத் தட்டவேண்டும். கதவு இல்லாத சூது ஒன்று வரும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கமே ஆட்டத்தில் இறங்கியது. 1968-ல் அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது தமிழக அரசின் பரிசுச்சீட்டுத் திட்டம் பிறந்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று சமாதானம் சொன்னார்கள். காலப்போக்கில் குலுக்கலுக்குக் காத்திருக்கும் பொறுமையும் போயிற்று. வாங்கிய இடத்திலேயே நகத்தால் சுரண்டிப் பார்க்கும் லாட்டரி வந்தது. கூலியை வாங்கிய கையோடு பெட்டிக்கடை வாசலில் நின்று சுரண்டியவர்களை நம் ஊர்கள் நன்றாக அறியும். 2003-ஆம் ஆண்டு ஜெயலலிதா அரசாங்கம் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனையையே தடை செய்தது. கடைகள் மூடின. மலைக்கு அப்பால் கேரளத்தில் அது இன்றும் அரசு வியாபாரமாகவே நடக்கிறது.

இனி, இன்று நம் சட்டைப்பைக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் ஆட்டத்தின் பூர்வீகத்தைப் பார்ப்போம். பவேரியாவிலிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த சார்லஸ் ஃபே என்ற மெக்கானிக், 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் ஒரு யந்திரம் செய்தார். அதன் பெயர் லிபர்ட்டி பெல். மூன்று உருளைகள், ஒவ்வொன்றிலும் பத்துச் சின்னங்கள். காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் உருளைகள் சுழன்று நிற்கும். மூன்று மணிகள் ஒரே வரிசையில் நின்றால் பெரிய பரிசு. பத்தைப் பத்தால் பெருக்கி மீண்டும் பத்தால் பெருக்கினால் ஆயிரம் விதமான நிலைகள். பள்ளிச் சிறுவன்கூடக் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் அன்றே ஒரு பெரிய காரியம் நடந்துவிட்டது. ஆட்டத்திலிருந்து எதிராளி மறைந்துபோனான்.

1984-ல் இங்கே டெல்னேஸ் என்பவர் (அது அவருடைய பெயர், நம் ஊர் ‘இங்கே’ அல்ல) ஒரு காப்புரிமை பெற்றார். அதன்படி, உருளை எங்கே நிற்கவேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முன்னாலேயே ஓர் எண்ணால் தீர்மானித்துவிடும். கண்ணுக்குத் தெரியும் உருளையில் எல்லாச் சின்னங்களும் சமமாக இருப்பது போலத் தோன்றும். உள்ளே இருக்கும் கணக்கில் பரிசுச் சின்னத்துக்கு மிகச் சிறிய இடமே இருக்கும். கண் பார்ப்பது ஒன்று, கணக்கு வேறொன்று. பரிசுக்கு ஒரு கட்டம் தள்ளி உருளை நின்றுவிட்டால், ‘அடடா, கொஞ்சத்தில் தப்பிவிட்டதே!’ என்று மனம் துடிக்கிறது. தப்பவில்லை ஐயா! விரல் பட்ட கணத்திலேயே முடிவு ஆகிவிட்டது. சுழற்சி வெறும் நாடகம். இதில் நளனுக்கு இருதுபர்ணன் கற்பித்தது போலக் கற்பிக்க ஒன்றுமே இல்லை.

நேர்மையான யந்திரம் என்றே வைத்துக்கொள்வோம். போட்ட ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் சராசரியாக 95 ரூபாய் திருப்பித் தருகிறது. ஐந்து ரூபாய்தானே நஷ்டம் என்று தோன்றும். ஆனால் திரும்பி வந்ததை எடுத்துக்கொண்டு யாரும் எழுந்து போவதில்லை. அதையே மறுபடி போடுகிறார்கள். அப்படிப் பதினான்கு முறை முழுப் பணமும் சுழன்றால், நூற்றில் சராசரியாக மிஞ்சுவது 49 ரூபாய்க்கும் குறைவு. பழைய யந்திரத்தில் கைப்பிடியை இழுக்கவாவது நேரம் பிடித்தது. செல்போனில் ஒரு சுழற்சிக்குச் சில விநாடிகள் போதும்.

மடத்துக்குளத்தைச் சுற்றிக் கரும்பும் தென்னையும் விளைகின்றன. அதோடு பஞ்சாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போய் உழைக்கிறவர்களின் பூமியும் அது. சனிக்கிழமை வாரச் சம்பளத்தில் மளிகைக் கடன், சீட்டுப் பணம், பிள்ளையின் பள்ளிச் செலவு என்று எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. முன்பெல்லாம் சூதாடப் போகிறவன் ஊர்க் கோடிக்கு நடக்கவேண்டும். நாலு பேர் கண்ணில் படவேண்டும். மடியிலுள்ள ரூபாய் தீர்ந்தால் வீடு திரும்பவேண்டும். இப்போது இரவு ஷிப்டு முடிந்து படுத்தவன் போர்வைக்குள்ளேயே ஆடலாம். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குக்கூடத் தெரியாது. ரூபாய் நோட்டு கையை விட்டுப் போகும் வலியும் இல்லை. திரையில் ஓர் எண் குறைகிறது, அவ்வளவுதான். எதிராளி போனான், இடம் போயிற்று, நேரம் போயிற்று, கடைசியில் காசின் உருவமும் போயிற்று.

சட்டம் பின்னால் ஓடிவந்தது. 2020 நவம்பரில் தமிழக அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டது. அதன் வழிவந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பணத்தை இழந்து உயிரையும் மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் தொடர்ந்தன. 2022-ல் முன்னாள் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து அறிக்கை தந்தது. புதிய மசோதாவைச் சட்டசபை இரண்டு முறை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. 2023 ஏப்ரலில்தான் அது சட்டமாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்று விலக்கிவிட்டு, அதிருஷ்ட ஆட்டங்களுக்கான தடை செல்லும் என்றது. சுழலும் உருளை ஆட்டத்தில் எந்தத் திறமைக்கும் இடமில்லை. ஆகவே தமிழ்நாட்டில் பணம் வைத்து அதை ஆடுவது குற்றம். 2025 பிப்ரவரியில் வந்த விதிகள் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பண ஆட்டங்களை மூடச் சொல்லின. தொலைந்துபோன இரவைச் சட்டம் திரும்பக் கட்டப் பார்த்தது! அதே ஆண்டு ஆகஸ்டில் பாராளுமன்றம், திறமையோ அதிருஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

இவை வேண்டிய சட்டங்கள்தாம். ஆனால் எங்கோ கடல் கடந்த தேசத்திலிருந்து, நாளுக்கொரு பெயரில் வருகிற ஆட்டத்தின் கதவை எந்தப் போலீஸ்காரர் போய்த் தட்டுவது?

விராடன் ஒரு நாள் கோபத்தில் கவற்றுக் காயைக் கங்கனுடைய முகத்தில் வீசினான். ரத்தம் வழிந்தது. பாஞ்சாலி ஓடிவந்து அதைப் பாத்திரத்தில் ஏந்தினாள். பழைய சூதிலே காயம் பட்டது வெளியில் தெரிந்தது. ஏந்த ஒரு கையும் கிடைத்தது. இன்றைய ஆட்டத்தில் காயம் வெளியே தெரிவதில்லை. கடன் கேட்டு ஆள் வாசலில் வந்து நிற்கும்போதுதான் வீட்டுக்கே தெரிகிறது. ஆகவே வாரச் சம்பளம் குறைந்து வரும் வீட்டில், முதல் வாரத்திலேயே ‘என்ன ஆயிற்று?’ என்று யாராவது கேட்கவேண்டும். கோபமாக அல்ல, ஆதரவாகக் கேட்கவேண்டும். அன்றைய சபையில் ஒரு விதுரர் இருந்தார். அவர் சொல்லை யாரும் கேட்கவில்லை. இன்றோ ஆட்டத்தின் பக்கத்தில் விதுரரே இல்லை. அந்த இடத்தை வீட்டில் இருக்கிறவர்கள்தாம் நிரப்பவேண்டும்.