ஃபயர்வால் போர்ட் அனுமதி

ஃபயர்வால் போர்ட் அனுமதி என்பது, சர்வரின் குறிப்பிட்ட போர்ட் எண்ணுக்கு வரும் இணைப்பை ஏற்பதா தடுப்பதா என்று விதிகளால் தீர்மானிக்கும் ஏற்பாடு. போர்ட் எண்கள் 0 முதல் 65535 வரை அமையும். 0–1023 பொதுச் சேவைகளுக்குரியவை: எஸ்எஸ்ஹெச் 22, மின்னஞ்சல் 25, எச்டிடிபிஎஸ் 443. ஒதுக்கீட்டை ஐயானா அமைப்பு கவனிக்கிறது. லினக்ஸில் ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வால் கருவியை அடுத்து 2014-இல் என்எஃப்டேபிள்ஸ் வந்தது.

இணைப்பு கிடைக்காதபோது பிழைச்செய்தியே முதல் தடயம். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்றால், பெரும்பாலும் பாக்கெட் (தரவுப் பொதி) சர்வரை எட்டியிருக்கிறது. அந்தப் போர்ட்டில் எந்தச் சேவையும் காத்திருக்கவில்லை. பதிலே இல்லாமல் நேரம் கடந்தால், வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் பாக்கெட்டைக் கைவிட்டிருக்கலாம். இந்த வேறுபாட்டைப் பாராமல் விதிகளை மாற்றுவது வீண்வேலை. லினக்ஸில் ‘எஸ்எஸ்’ கட்டளை, காத்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும். சேவை 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் காத்திருந்தால், ஃபயர்வாலைத் திறந்தாலும் வெளியிலிருந்து அதை எட்ட முடியாது. எளிதில் கவனம் தவறும் இடம் இது. அடுத்து சர்வரின் சொந்த ஃபயர்வால், கிளவுட் விதிகள், ரவுட்டர் என உள்ளிருந்து வெளியே சோதிக்க வேண்டும். ஐபிடேபிள்ஸ் விதிகள் மேலிருந்து கீழாகப் பொருந்துவதால், பொதுத் தடைக்குக் கீழே சேர்த்த அனுமதி பலிக்காது. சோதனைக்காக ஃபயர்வாலை முழுதும் அணைப்பது ஆபத்தானது, தேவையற்றதும்கூட: சர்வரின் ஃபயர்வால் தடுக்கும் முன்பே, வந்துசேர்ந்த பாக்கெட்டை ‘டிசிபிடம்ப்’ கருவி காட்டிவிடும்.