முரசுக்குள்ளே என்ன இருந்தது?

'சந்திரலேகா' முரசு டான்ஸைப் பார்க்காதவங்க இந்த எபிசோடை நிறுத்திட்டு, ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுங்க. எஸ்.எஸ்.வாசனோட ஜெமினி ஸ்டுடியோ எடுத்த படம், 1948 ஏப்ரல்ல ரிலீஸ். டி.ஆர்.ராஜகுமாரியோட சேர்ந்து சுமார் 400 பேர் ஆடுறாங்க. எல்லாரும் ஆட்டத்தைப் பத்திப் பேசுவாங்க. நான் இன்ஜினியரிங் படிச்சுட்டு கோடு எழுதிப் பிழைக்கிற ஆளு. என் கண்ணு முரசு மேலயே நின்னுடுச்சு.

யோசிச்சுப் பாருங்க. ஆளுங்க மேலே ஏறி நின்னு குதிச்சு ஆடணும். அதே நேரம் உள்ளே வீரர்கள் ஒளிஞ்சிருக்கணும், டான்ஸ் முடிஞ்சதும் வாளோட வெளியே பாயணும். அப்போ முரசு வெறுங்கூடா இருக்கணும், பாரமும் தாங்கணும். கலை இயக்குநர் ஏ.கே.சேகர். அவர் வரைஞ்சதை மரத்துல செஞ்ச ஆசாரிகள் பேரு எனக்கு எங்கேயும் கிடைக்கல.

இந்தக் கேள்வி எனக்கு வந்ததுக்குக் காரணம் இருக்கு. பாகலூர்ல நம்ம பாட்காஸ்ட் ரூமை வீடியோவுக்கு ஏத்த மாதிரி மாத்தணும்னு ஒரு ஆசாரியைக் கூப்பிட்டேன். ஓசூர் சிப்காட் கம்பெனிகளுக்கு மெஷின் அனுப்புற மரப்பெட்டி, பேலட் அடிக்கிறவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே மூச்சுல பேசுவார். ரூமைச் சுத்திப் பார்த்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளைக்கு நிக்கணும் தம்பி?"

செட்டு வேலையே இந்த ஒரு கேள்விதான். வீட்டுக் கதவு முப்பது வருஷம் நிக்கணும். ஷூட்டிங் முடியற வரைக்கும் நின்னா போதும் சினிமா சுவருக்கு. மரச்சட்டம் அடிச்சு, துணியோ ப்ளைவுட்டோ போர்த்தி, பெயின்ட் அடிச்சா அது ஒரு 'ஃப்ளாட்'. இன்னைக்கு ஜமீன் வீடு, அடுத்த வாரம் அதே சட்டம் கோர்ட். கேமரா உள்ளே வரணும்னா ஒரு பக்கச் சுவரையே கழட்டி எடுத்துடலாம்.

போன்ல முரசு டான்ஸைக் காட்டி, "அண்ணா, இதை எப்படி அடிச்சிருப்பாங்க?"ன்னு கேட்டேன். ரெண்டு தடவை பார்த்தார். "பேலட் கணக்குதான். வெளிவட்டம் சும்மா தோல் மாதிரி. நடுவுல கால் கொடுத்து, மேல குறுக்குச்சட்டம் போட்டிருப்பான். ஆளு ஒளியறது அந்தக் காலுங்களுக்கு இடையில." ஊகம்தான், ஆனா எனக்கு அது சரியாவே படுது.

அடுத்து கூலி. மொத்தமா ஒரு தொகை பேசிடுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொன்னாங்க. அவர் நாள் கூலிதான் கேட்டார்: "நீ நடுவுல டிசைனை மாத்துவே, அந்த நாளு யாரு கணக்கு?" சந்திரலேகா முடிய கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் ஆச்சு. நடுவுல இயக்குநரே மாறி, வாசனே இயக்கத்தை எடுத்துக்கிட்டார். அந்த முரசுகளை ஒரு ஆசாரி மொத்தத் தொகைக்கு ஒத்துக்கிட்டு அடிச்சிருந்தா என்ன ஆகியிருப்பார்? ஜெமினி, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் மாதிரி இடங்கள்ல ஆளுங்க மாதச் சம்பளத்துல இருந்தாங்க. முதலாளி மனசு மாறினா செலவு முதலாளிக்கு. நாள் கூலிக்கே சரின்னுட்டேன்.

ஒரு சின்ன கிளைக்கதை. 1950-களோட ஆரம்பத்துல ஒரு வெளிநாட்டு நாடகக் குழு ஜெமினிக்கு வந்தது. வெறும் மேடை, வெள்ளைத் திரை, ஒரு புல்லாங்குழல், இவ்வளவுலயே சூரிய உதயத்தைக் காட்டினாங்க. அப்புறம் சில வருஷம் தமிழ் நாடகங்கள்ல அதே உதயம்தான்னு அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் கிண்டலா எழுதியிருக்கார். ஆசாரிக்கு வேலையே இல்லாத செட்டு!

நிஜமான அடி 1977-ல. '16 வயதினிலே' கேமராவை நேரா கிராமத்துக்குக் கொண்டு போச்சு, ஃப்ளோர்ல வேலை குறைய ஆரம்பிச்சது. ஆனா பத்து வருஷம் கழிச்சு 'நாயகன்' படத்துக்காகத் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டுடியோவுல தாராவியையே கட்டி, தேசிய விருதும் வாங்கினார். அந்தக் குடிசைங்க ஒவ்வொண்ணும் யாரோ அறுத்து, ஆணி அடிச்சு நிறுத்தினதுதான்.

ஜெமினி இருந்த இடத்துல இப்போ ஒரு ஹோட்டல் நிக்குது. நம்ம ரூம்ல பின்சுவர் மட்டும் பாக்கி. வீடியோ வர்றப்போ 'செட்டு'ன்னு போட்டு அண்ணன் பேரைப் போடணும்னு கேட்டேன். "ஃபோன் நம்பரையும் சேர்த்துப் போடு தம்பி"ன்னுட்டார்.